பழைய கிட்டாருக்கும் வில்லங்கம் பாருங்கள்

பழைய எலெக்ட்ரிக் கிட்டார் வாங்குவதற்காக அமெரிக்காவில் இருக்கும் அண்ணன், மாமா, நண்பர்களுக்குப் பணம் அனுப்பக் காத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,



நான் படுக்கப் போகும் நேரம்தான் உங்களுக்குப் பொழுது விடிகிறது. அதனால் உங்கள் படங்கள் இங்கே இரவு பத்து மணிக்கு மேல்தான் வந்து விழும். யாரோ ஒருவர் வீட்டு சோபாவில் சாய்த்து வைத்த ஸ்ட்ராட்டோகாஸ்டர். ஓரமெல்லாம் பெயிண்ட் உதிர்ந்து, கை உரசும் இடத்தில் மரம் தெரிந்து, பார்க்கவே ஆசையாக இருக்கும். கீழே ஒரு வரி: “அண்ணா, 1964ஆம். ஒரிஜினலான்னு பாருங்க. இன்னிக்கே அட்வான்ஸ் போடணும்னு சொல்றார்.”

வார நாளில் கார் கம்பெனி வேலை, சனி ஞாயிறில் வீட்டு பேஸ்மென்டில் கிட்டார் ரிப்பேர் என்று மிச்சிகனில் இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். இந்தக் கேள்விக்குத் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. எல்லோருக்கும் சேர்த்து ஒரே கடிதமாக எழுதிவிடுகிறேன். படத்தைப் பார்த்து “இது இல்லை” என்று என்னால் சொல்ல முடியும். “இதுதான்” என்று சொல்லவே முடியாது. அப்படிச் சொல்கிறவரை நம்பாதீர்கள், அது நானாகவே இருந்தாலும்.

ஊரில் நாலு சென்ட் மனை வாங்கினால் என்ன செய்வோம்? விற்கிறவர் பார்க்க நல்லவராகத் தெரிகிறார் என்று கையெழுத்துப் போட்டுவிடுவோமா? தாய்ப்பத்திரம் கேட்போம். சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்போம். மாட்டுச் சந்தையில்கூடப் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் யாரும் கயிற்றைக் கையில் வாங்குவதில்லை. அதே நாம், ஒரு மனையின் விலைக்குக் கிட்டார் வாங்கும்போது மட்டும் படத்தைப் பார்த்து மயங்கி நிற்கிறோம்.

‘ஒரிஜினல்’ என்பது ஒரே சொல்தான். அதற்குள் ஐந்து கேள்விகள் இருக்கின்றன. மேலே இருப்பது ஃபேக்டரியில் அடித்த பெயிண்டேதானா? நெக்கும் பாடியும் முதல் நாளிலிருந்தே சேர்ந்திருப்பவையா? பிக்கப், வயரிங், வால்யூம் பாட், ட்யூனிங் கீ எல்லாம் அன்று பூட்டியவையா? எங்காவது உடைந்து ஒட்டியிருக்கிறதா? உள்ளே மரத்தை யாராவது புதிதாகக் குடைந்திருக்கிறார்களா? விற்கிறவர் “ஒரிஜினல்” என்று சொன்னால், இந்த ஐந்தில் எதற்குப் பதில் சொல்கிறார் என்று கேளுங்கள். அவர் பொய்யராக இருக்க வேண்டும் என்றில்லை. அவருடைய அப்பா 1972இல் செகண்ட் ஹேண்டாக வாங்கியிருப்பார். அதற்கு முன் அது யார் கையில் இருந்தது, என்ன பாடுபட்டது என்பது அவருக்கே தெரியாது.

இது வெறும் கௌரவப் பிரச்சினை இல்லை, பணம். பாடிக்கு மறுபடி பெயிண்ட் அடித்திருந்தால் விலை ஏறத்தாழப் பாதி என்பது இங்குள்ள சந்தைக் கணக்கு. கிப்சன் கம்பெனிக் கிட்டாரில் ஹெட்ஸ்டாக் உடைந்து ஒட்டப்பட்டிருந்தாலும் அப்படித்தான். வருஷத்துக்கும் விலை உண்டு. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் லியோ ஃபெண்டர் 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரைக் கொண்டுவந்தபோது அதன் விலை 249 டாலர் 50 சென்ட். 1965 ஜனவரியில் அவர் தன் கம்பெனியை சிபிஎஸ் நிறுவனத்துக்கு 1.3 கோடி டாலருக்கு விற்றார். அந்தத் தேதிக்கு முன் செய்தவற்றை ‘ப்ரீ-சிபிஎஸ்’ என்று தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். ஆகவே 1966இல் பிறந்த கிட்டாருக்கு 1964 என்று வயது சொல்ல யாருக்கும் ஆசை வரும். உங்களுக்கு வருகிற படங்களில் பாதி ‘1964’ஆக இருப்பதன் காரணம் இதுதான் என்பது என் சந்தேகம்.

இனி என் கதை. ஊருக்கு உபதேசம் செய்கிறவன் தான் விழுந்த பள்ளத்தையும் காட்ட வேண்டும் அல்லவா?

மூன்று வருஷம் சேர்த்த பணத்தோடு பக்கத்து மாநிலத்தில் ஒரு கடைக்குப் போனேன். கறுப்பு, சிவப்பு, மஞ்சள் மூன்றும் கலந்த சன்பர்ஸ்ட் ஸ்ட்ராட். “1963, எல்லாம் ஒரிஜினல்” என்றார் கடைக்காரர். நான் விவரமானவன் என்று காட்டிக்கொள்ள, “நெக்கைக் கழற்றிக் காட்டுங்கள்” என்றேன். தயங்காமல் காட்டினார். நெக்கின் அடிப்பக்கத்தில் மை முத்திரை: ‘2 மே 63 பி’. முதலில் இருக்கும் 2 ஸ்ட்ராட்டோகாஸ்டர் நெக்குக்கான எண். கடைசி எழுத்து நட் இருக்கும் இடத்தில் நெக் எவ்வளவு அகலம் என்பதைச் சொல்லும். ‘பி’ என்றால் வழக்கமான அகலம். நடுவில் மாதமும் வருஷமும். 1962 வாக்கில்தான் இந்த முத்திரை வந்தது, அதற்கு முன் பென்சிலால் எழுதினார்கள். எல்லாம் சரியாக இருந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு, வழியெல்லாம் பின் சீட்டில் இருந்த கேஸைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டி வந்தேன்.

ஒரு மாதம் கழித்து, எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர் ஒருவர் ஒரு டார்ச்சைக் கையில் கொடுத்தார். கள்ளநோட்டுப் பார்க்கக் கடைகளில் ஊதா வெளிச்சம் வைத்திருப்பார்களே, அதே புற ஊதா வெளிச்சம். “வீட்டுக்குப் போய் விளக்கை அணைத்துவிட்டு அடித்துப் பார்” என்றார். அந்தக் காலத்துக் கிட்டார்களுக்கு நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர்தான் மேல்பூச்சு. பல வருஷம் காற்றும் வெளிச்சமும் பட்ட அந்த லேக்கர் இந்த ஊதா வெளிச்சத்தில் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். புதிதாக அடித்தது ஒளிராமல் இருண்டு கிடக்கும்.

பேஸ்மென்ட் விளக்கை அணைத்தேன். நெக் மீது அடித்தேன். இளம் எலுமிச்சை நிறத்தில் அழகாக ஒளிர்ந்தது. விரல்கள் தேய்த்துத் தேய்த்து லேக்கர் போன இடங்கள் மட்டும் திட்டுத்திட்டாக மங்கியிருந்தன. அப்படியே டார்ச்சைக் கீழே இறக்கினேன். நெக் முடிந்து பாடி தொடங்கும் கோட்டில் ஒளி நின்றுவிட்டது. பாடி முழுக்க, மூலை முடுக்கு பாக்கியில்லாமல், கத்தரிக்காய்த் தோல் மாதிரி ஊதாக் கறுப்பு.

அப்போதும் மனசு கேட்கவில்லை. பிக்கார்டைக் கழற்றினேன். அன்றைய ஃபெண்டர் தொழிற்சாலையில் பெயிண்ட் அடிக்கும்போதும் காயவைக்கும்போதும் பாடி எதிலும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க முன்பக்கம் சின்ன ஆணிகளை அடித்து, அவற்றின் மேல் நிற்க வைப்பார்கள். எல்லாம் முடிந்த பிறகு ஆணியைப் பிடுங்கிவிடுவார்கள். 1964 கடைசி வரை இந்த வழக்கம் இருந்தது. பெயிண்ட் அடிக்கும்போது ஆணி உள்ளேயே இருந்ததால் ஒரிஜினல் பாடியில் அந்த ஓட்டைக்குள் பெயிண்ட் இருக்காது, வெறும் மரம் தெரியும். பெரும்பாலும் பிக்கார்டுக்கு அடியில் தேடினால் கிடைக்கும். என்னுடையதிலும் ஓட்டைகள் இருந்தன. உள்ளே பெயிண்ட் வழிந்து இறுகியிருந்தது. நெக் உட்காரும் குழியில் இன்னொரு தடயம் தேட வேண்டும். 1960களின் தொடக்கத்திலிருந்து அங்கே ஒரு குச்சியைப் பூட்டிப் பாடியைப் பிடித்துக்கொண்டு பெயிண்ட் அடித்தார்கள். குச்சி மறைத்த இடம் மட்டும் மேல்வண்ணம் படாமல் பட்டையாகத் தெரியும். என்னுடையதில் குழி முழுக்க ஒரே சீராக வண்ணம்.

பாடியின் மரம் பழையதுதான், அந்தக் காலத்து ஃபெண்டர் பாடியேதான். நடுவில் எப்போதோ யாரோ சுரண்டி எடுத்துவிட்டு மிக நேர்த்தியாக மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறார். கடைக்காரருக்குப் போன் செய்தேன். “நெக்கைக் கழற்றிக் காட்டினேனே?” என்றார். உண்மைதான், காட்டினார். ரசீதை எடுத்துப் பார்த்தேன். ‘பழைய கிட்டார் 1’ என்று மட்டும் இருந்தது. அதன் நியாயமான விலை நான் கொடுத்ததில் பாதி.

என் தப்பு எது தெரியுமா? நெக் பொய் சொல்லவில்லை. நெக்கிடம் கேட்ட கேள்விக்கு அது உண்மையான பதிலைச் சொன்னது. பாடியிடம் நான் கேட்கவே இல்லை. ஒரு சாட்சியை விசாரித்துவிட்டு வழக்கை முடித்துவிட்டேன். தனியாக எடுத்தால் எந்த அடையாளத்தையும் போலியாகச் செய்துவிடலாம், மாற்றிப் பூட்டலாம். எல்லா அடையாளங்களும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இந்தக் கடிதத்தில் மற்றதெல்லாம் மறந்தாலும் இந்த ஒன்றை மறக்காதீர்கள்.

சாட்சிகளில் மிகவும் பலவீனமானது நீங்கள் முதலில் அனுப்பும் சீரியல் எண்தான். பழைய ஃபெண்டரில் அந்த எண் எங்கே இருக்கிறது? பின்பக்கம் நெக்கைப் பிடித்திருக்கும் இரும்புத் தகட்டில். நாலு ஸ்குரூவைக் கழற்றினால் தகடு தனியாக வந்துவிடும். பழைய தகடு தனியாகவே விற்பனைக்குக் கிடைக்கிறது. 1962 கடைசியிலிருந்து 1965 வரை ‘எல்’ என்ற எழுத்தோடு எண் வரும் என்பது பொதுவாகச் சரி. ஆனால் தொழிலாளி பெட்டிக்குள் கைவிட்டு வந்த தகட்டை எடுத்துப் பூட்டினார், வரிசை பார்க்கவில்லை. பெரிய எண் உள்ளது சின்ன எண்ணுக்கு முன்பே வெளியே போயிருக்கும்.

கிப்சனில் தலைவலி வேறு மாதிரி. 1953 முதல் 1960 வரை சாலிட் பாடிக் கிட்டார்களில் ஹெட்ஸ்டாக்கின் பின்புறம் மையால் எண் குத்தினார்கள். முதல் இலக்கம்தான் வருஷத்தின் கடைசி இலக்கம். 9இல் தொடங்கினால் 1959. 1961 முதல் மரத்தில் அழுத்திப் பதித்தார்கள். 1960களில் ஒரே எண் வேறு வேறு வருஷக் கிட்டார்களில் திரும்ப வந்திருக்கிறது. அந்தக் காலத்துக்கு எண்ணை மட்டும் வைத்து வருஷம் சொல்வது ஜோசியம். 1977இல்தான் ஒழுங்கு வந்தது. எட்டு இலக்க எண்ணில் முதலாவதும் ஐந்தாவதும் சேர்ந்தால் வருஷம். இரண்டு, மூன்று, நாலு சேர்ந்தால் அந்த வருஷத்தின் எத்தனையாவது நாள். கடைசி மூன்று, அன்றைய வரிசையும் தொழிற்சாலையும். 81234567 என்று இருந்தால் 1984ஆம் வருஷத்தின் 123ஆவது நாள், அதாவது மே 2. கடைசி மூன்று 500க்கு மேல் என்பதால் நாஷ்வில் தொழிற்சாலை. யாராவது “எழுபதுகளின் தொடக்கம்” என்று சொல்லி எட்டு இலக்க எண்ணைக் காட்டினால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

வால்யூம், டோன் பாட்டுகள் நல்ல சாட்சிகள். உள்ளே பாட்டின் உலோக மூடியில் ஒரு எண் குத்தியிருக்கும். முதல் மூன்று இலக்கம் செய்த கம்பெனி: 304 என்றால் ஸ்டாக்போல், 137 என்றால் சிடிஎஸ். அடுத்தது வருஷம், கடைசி இரண்டும் அந்த வருஷத்தின் வாரம். 3046320 என்றால் ஸ்டாக்போல், 1963, இருபதாவது வாரம். இது பாட் செய்த தேதியே தவிரக் கிட்டார் செய்த தேதி இல்லை. கிட்டார் அதற்கு முன் பிறந்திருக்க முடியாது. பின்னால் எவ்வளவு நாள் கழித்தும் பிறந்திருக்கலாம். ஃபெண்டர் 1966இல் மொத்தமாக வாங்கிப் போட்ட பாட்டுகளை 1960களின் கடைசி வரை பூட்டிக்கொண்டிருந்தது. ஆகவே பாட் 1966 என்றால் கிட்டார் 1968ஆக இருக்கலாம். ‘1964’ கிட்டாரில் பாட் 1966 என்றால் ஒன்று பாட் மாறியிருக்கிறது, இல்லை வயது மாறியிருக்கிறது.

எண்ணைப் படித்ததும் திருப்தியாகி மூடிவிடாதீர்கள். ஈயப் பற்றைப் பாருங்கள். அறுபது வருஷத்து ஈயம் பளபளப்பு போய் மங்கிச் சாம்பல் பூத்திருக்கும். அதன் பக்கத்தில் ஒன்று மட்டும் பாத்திரத்துக்கு ஈயம் பூசின மாதிரி மின்னினால், அங்கே யாரோ கை வைத்திருக்கிறார்கள். வயர் அந்தக் காலத்தில் துணி சுற்றிய வயர். பிளாஸ்டிக் உறை தெரிந்தால் ஏன் என்று கேளுங்கள். ஒரு பாட் கெட்டுப்போய் மாற்றியிருப்பது பாவம் இல்லை, வாசித்த கிட்டார் என்றால் அப்படித்தான் இருக்கும். அதைச் சொல்லாமல் விலை கேட்பதுதான் பாவம்.

மூக்குக்கும் வேலை உண்டு. 1959 நடுவிலிருந்து 1965 தொடக்கம் வரை ஸ்ட்ராட்டின் வெள்ளைப் பிக்கார்டு செல்லுலாய்டு. இன்று அது வெள்ளையாக இருக்காது, புதினாப் பச்சைச் சாயல் ஏறியிருக்கும். சுருங்கி, ஸ்குரூ ஓட்டையின் ஓரத்தில் விரிசலும் விட்டிருக்கும். செல்லுலாய்டை இளக்கமாக்கக் கற்பூரம் சேர்ப்பார்கள். கட்டைவிரலால் அழுத்திச் சூடு ஏறும்வரை தேய்த்துவிட்டு முகர்ந்து பாருங்கள். கோயில் கருவறை வாசலில் நிற்கிற மாதிரி லேசாகக் கற்பூரம் வீசும். நான் முதல் தடவை முகர்ந்தபோது, ஏழு கடல் தாண்டி வந்தும் இந்த வாசனை விடவில்லையே என்று சிரித்துவிட்டேன். பச்சைச் சாயலைப் புது பிளாஸ்டிக்கிலும் கொண்டுவந்துவிடுகிறார்கள்; அதில் இந்த வாசனை வராது.

ஹெட்ஸ்டாக்கில் இருக்கும் பெயர் வெறும் டெக்கல், ஒட்டுப்படம். சில டாலருக்குக் கிடைக்கிறது. அதைச் சாட்சிக் கூண்டில் ஏற்றவே வேண்டாம்.

பெயிண்டில் இன்னொரு ஏமாற்று. பழைய லேக்கரில் குளிரும் வெப்பமும் மாறி மாறிப் பட்டுத் தலைமுடி போல வெடிப்புகள் விழும். தேய்மானத்தோடு சேர்த்து இதையும் செயற்கையாகச் செய்கிறார்கள். 1990களின் நடுவிலிருந்து ஃபெண்டரே ‘ரெலிக்’ என்று பெயர் வைத்து, பழையது மாதிரித் தேய்த்த புதுக் கிட்டார்களை நேர்மையாகச் சொல்லி விற்கிறது. சொல்லாமல் விற்கிறவர்கள்தான் பிரச்சினை. தேய்மானம் இருந்தால் அது மனிதக் கையோடு பொருந்துகிறதா என்று வாசிக்கும் நிலையில் பிடித்துப் பாருங்கள். முன்கை உரசும் இடம், வயிறு படும் பின்பக்கம், பெல்ட் பக்கிள் கீறும் இடம். அங்கெல்லாம் புதிதாக இருந்து, யாரும் தொடாத மூலையில் மட்டும் பெயிண்ட் உதிர்ந்திருந்தால் அது வாசிப்பில் வந்த தேய்மானம் இல்லை. பாடி அப்படித் தேய்ந்திருக்க ஃப்ரெட்டுகள் மட்டும் புத்தம்புதிதாக இருந்தாலும் கேள்வி கேளுங்கள்.

இப்போது கிப்சன். நான் இருக்கும் மிச்சிகனில்தான் கலமசூ என்ற ஊர். அங்கே பார்சன்ஸ் தெருவில் செங்கல் புகைபோக்கியோடு நிற்கும் பழைய கட்டடத்தில்தான் கிப்சன் தன் பொற்காலத்தைக் கழித்தது. 1984இல் கிப்சன் அங்கிருந்து போய்விட்டது. ஊரைவிட்டுப் போக மனமில்லாத தொழிலாளர்கள் சிலர் அதே இடத்தில் 1985இல் ஹெரிடேஜ் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். 1958 முதல் 1960 வரை அந்தக் கட்டடத்தில் செய்த சன்பர்ஸ்ட் லெஸ் பால் கிட்டார்களுக்கு ‘பர்ஸ்ட்’ என்று செல்லப்பெயர். மொத்தம் சுமார் 1,500 என்பார்கள். இன்று விலை பல லட்சம் டாலர்.

அந்த விலைக்கு எது வேண்டுமானாலும் செய்வார்கள். கிப்சனில் நெக்கை ஒட்டியிருப்பார்கள், ஸ்குரூ கிடையாது. கழற்றித் தேதி பார்க்க வழியில்லை. வேறு இடங்களில் தேட வேண்டும். அன்றைய செர்ரிச் சிவப்புச் சாயம் வெளிச்சம் பட்டு வெளுத்துவிடும். சிவப்பு முழுக்கப் போய் எலுமிச்சை நிறமான கிட்டார்களும் உண்டு. பிக்கப்பைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தைத் தூக்கிப் பாருங்கள். வெளிச்சம் படாத அந்த இடத்தில் சிவப்பு அப்படியே இருக்க வேண்டும். மேலும் கீழும் ஒரே மங்கல் என்றால், மங்கலாகவே அடித்த பெயிண்ட். கோல்டு டாப் என்றால் அதன் தங்க நிறம் லேக்கரில் கலந்த வெண்கலத் தூள். லேக்கர் தேய்ந்து வியர்வை பட்ட இடத்தில் பித்தளைப் பாத்திரம் மாதிரியே பச்சைக் களிம்பு ஏறும். புளி போட்டுத் தேய்க்கத் தோன்றும், தேய்த்துவிடாதீர்கள். அந்தக் களிம்புதான் சாட்சி.

சேத் லவர் வடிவமைத்த ஹம்பக்கிங் பிக்கப்புக்கு கிப்சன் 1955இல் காப்புரிமை கேட்டது. கிடைத்தது 1959 ஜூலையில். 1957 முதல் 1962 வாக்கில் வரை பிக்கப்பின் அடியில் ‘காப்புரிமைக்கு விண்ணப்பித்துள்ளோம்’ என்ற பொருளில் ஒரு சின்னக் கறுப்பு ஸ்டிக்கர் இருந்தது. அந்த ஆங்கில வாசகத்தின் முதல் எழுத்துகளைச் சேர்த்து அந்தப் பிக்கப்பை ‘பிஏஎஃப்’ என்கிறார்கள். பிறகு எண்ணோடு ஸ்டிக்கர் ஒட்டினார்கள்: 2,737,842. வேடிக்கை என்னவென்றால், அது அந்தப் பிக்கப்பின் எண்ணே இல்லை. லெஸ் பால் கிட்டாருக்குப் பெயர் தந்த கலைஞர் லெஸ் பால் வாங்கிய பிரிட்ஜ், டெயில்பீஸ் காப்புரிமையின் எண். பிக்கப்பின் உண்மையான எண் 2,896,491. ஆகவே ‘தப்பான’ எண் இருந்தால் பயப்படாதீர்கள், தப்பாக இருப்பதுதான் சரி. போலி ஸ்டிக்கரும் தாராளமாகக் கிடைப்பதால், ஒட்டிய தாளைவிட பிக்கப்பின் அடித்தகடு, வயர், ஈயப் பற்று மூன்றையும் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

கிப்சனின் தலை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். 1960களின் நடுவரை 17 டிகிரி, பிறகு சில வருஷம் 14. கேஸ் கீழே விழுந்தால் நட்டுக்குப் பின்னால் பட்டென்று உடைகிற இடம் அது. விரல் நகத்தால் அந்தப் பகுதியை மெதுவாக வருடிப் பாருங்கள். முடி அளவு மேடு தட்டினாலும் ஊதா வெளிச்சத்தை அங்கே அடியுங்கள். சரி செய்து மேலே லேக்கர் அடித்திருந்தால் இருண்ட பட்டையாகக் காட்டிக்கொடுக்கும்.

இதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். “எரிக் கிளாப்டனின் ‘பிளாக்கி’ மூன்று ஸ்ட்ராட்டிலிருந்து எடுத்துச் சேர்த்ததுதானே? 2004இல் 9,59,500 டாலருக்குப் போகவில்லையா? டேவிட் கில்மோரின் கறுப்பு ஸ்ட்ராட்டில் எத்தனை மாற்றங்கள்! 2019இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 39,75,000 டாலர்!” உண்மைதான். அந்த விலை வாசித்த கைக்கு, கிட்டாருக்கு இல்லை. பாரதியார் எழுதிய பேனா என்றால் நிப் மாற்றியிருந்தாலும் விலை குறையாது. உங்களுக்கு வருவது பெயர் தெரியாத ஒருவருடைய கிட்டார். அதன் விலை முழுக்க அது மாறாமல் இருப்பதில்தான் நிற்கிறது.

இதையே திருப்பிப் போட்டும் பாருங்கள். உங்களுக்கு வேண்டியது வாசிக்க ஒரு நல்ல பழைய கிட்டார் என்றால், ஒரிஜினல் எதற்கு? மறுபெயிண்ட் அடித்தது என்று தெரிந்தே பாதி விலைக்கு வாங்குங்கள். அதே மரம், அதே பிக்கப், அதே நெக். நல்ல கையால் ஒட்டப்பட்ட ஹெட்ஸ்டாக் பல வருஷம் உழைக்கும். மாற்றம் இருப்பதில் நஷ்டமில்லை, மாற்றத்துக்கும் சேர்த்து முழு விலை கொடுத்தால்தான் நஷ்டம்.

ஊருக்குக் கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1960களின் நடுவரை வந்த ரோஸ்வுட் ஃப்ரெட்போர்டுகள் பெரும்பாலும் பிரேசில் ரோஸ்வுட். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தம் 1992இல் அந்த மரத்தை மிகக் கடுமையான பட்டியலில் வைத்தது. அப்படிப்பட்ட கிட்டாரை ஒரு நாட்டில் வாங்கி இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோக, அது பட்டியலுக்கு முந்தைய மரம் என்று சான்று வேண்டும். அமெரிக்காவில் அதைக் கொடுப்பது மீன், வனவுயிர்த் துறை. தாள் இல்லாமல் வந்தால் சுங்கத்தில் பறிபோகலாம். பிரேசில் மரம் கிடைப்பது கடினமானபோது மார்ட்டின் கிட்டார் கம்பெனி 1969இல் மாறியது எதற்குத் தெரியுமா? நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளரும் ஈட்டி மரத்துக்கு. தாத்தா வீட்டுக் கட்டிலும் அமெரிக்கக் கிட்டாரும் ஒரே இன மரம்.

எனவே நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். நெக்கின் அடிப்பக்கம், நெக் குழி, பிக்கார்டுக்குக் கீழே, பாட் எண்கள், ஊதா வெளிச்சத்தில் முன்னும் பின்னும், எல்லாவற்றுக்கும் படம் கேளுங்கள். அருகில் இருக்கும் உறவினரை நேரில் அனுப்புங்கள். கழற்றும் வேலையை ரிப்பேர்க்காரர் செய்யட்டும். பொருந்தாத திருப்புளியால் பழைய ஸ்குரூவின் தலையைக் கெடுத்தால் அதுவும் ஒரு வில்லங்கம். ரசீதில் “பெயிண்ட் ஒரிஜினல், ஒட்டு இல்லை, தவறென்றால் பணம் திரும்பத் தரப்படும்” என்று எழுதி வாங்குங்கள். கழற்ற விடமாட்டேன் என்றால் கோபப்பட வேண்டாம், நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். “இன்னிக்கே பணம் போடணும்” என்றாலும் அப்படியே.

அந்த சன்பர்ஸ்ட் ஸ்ட்ராட் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க வழியில்லை. வாங்கிய கதையைச் சொல்லாமல் விற்க மனசில்லை. வாசித்து வாசித்து அதுவும் நானும் சமாதானமாகிவிட்டோம். அதன் கேஸுக்குள் ஒரு கவர் வைத்திருக்கிறேன். உள்ளே ஒரு தாள்: நெக் ஒரிஜினல், மே 1963. பாட்டுகள் ஒரிஜினல். பாடிக்கு மறுபெயிண்ட், எப்போது என்று தெரியாது. நான் மாற்றியவை: நட், ஐந்தாவது ட்யூனிங் கீ. பழைய கீ இதே கவரில். ஒவ்வொரு வரிக்கும் தேதி போட்டிருக்கிறேன்.

எனக்குப் பிறகு அந்தக் கேஸைத் திறக்கிறவர் கிட்டாரைத் தொடுவதற்கு முன் அந்தத் தாளைப் படிக்கட்டும். எனக்கு யாரும் எழுதித் தராத வில்லங்கச் சான்றை நானே எழுதி வைத்துவிட்டேன். நீங்களும் உங்கள் கிட்டாருக்கு ஒன்று எழுதுங்கள். போன மாதம் வாங்கிய புதுக் கிட்டாராக இருந்தாலும் எழுதுங்கள். அதுவும் ஒருநாள் பழசாகும், யாரோ ஒரு தம்பி அதன் படத்தை ராத்திரியில் யாருக்கோ அனுப்புவான்.

அன்புடன்,
மிச்சிகனிலிருந்து உங்கள் அண்ணன்

பி.கு.: இனிப் படம் அனுப்பினால் நெக்கைக் கழற்றிய படமாக அனுப்புங்கள். சோபா படம் போதும், நிறையப் பார்த்துவிட்டேன்.